தூரோ ஆற்றின் செம்மது

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் போர்களிலும் உடன்படிக்கைகளிலும் மட்டும் தேடுதல் போதாது. அந்நாட்டு மக்கள் உண்பதும் பருகுவதும் விற்பதும் வாங்குவதும் அவ்வரலாற்றின் பகுதிகளே. போர்த்துக்கல் நாட்டிலே தூரோ என்னும் ஆற்றின் கரைகளில் விளையும் முந்திரிகைக் கனிகளிலிருந்து எடுக்கப்படும் செம்மது இதற்கு நல்லதொரு சான்றாகும். உலகம் அதனைப் 'போர்ட்' என்னும் பெயரால் அறியும். இரண்டு பேரரசுகளுக்கிடையே எழுந்த பகை, ஓர் அமைச்சர் இயற்றிய கடுஞ்சட்டம், ஒரு நகரத்து மக்கள் செய்த கலகம், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிறு பூச்சியின் வருகை, மலைச்சரிவிலே கல் அடுக்கிய கூலியாளரின் உழைப்பு ஆகிய அனைத்தும் அம்மதுவின் வரலாற்றிலே கலந்துள்ளன. அதனோடு எவ்வுணவு பொருந்தும் என்பது சுவை பற்றிய கேள்வியாகத் தோன்றினும், எவருடைய மேசையில் எது இருந்தது என்னும் வரலாற்றுக் கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளது.

தூரோ ஆறு ஸ்பானிய நாட்டின் வடபகுதி மலைகளிலே தோன்றி, மேற்கு நோக்கி ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓடி, போர்த்தோ நகரின் அருகே அத்திலாந்திக் கடலிற் கலக்கின்றது. ஆனால் மது விளையும் நிலம் கடலை அடுத்துள்ளதன்று. அது கடற்கரையிலிருந்து வெகு தொலைவு உள்ளே, மராவோ மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது. கடற்காற்றுக் கொணரும் மழையை அம்மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அதற்குக் கிழக்கேயுள்ள பள்ளத்தாக்குக் கோடையிலே அடுப்பெனக் கொதிக்கும். மாரியிலோ குளிர் கடுமையாயிருக்கும். 'ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்' என்று அங்குள்ளோர் தம் நாட்டைப் பற்றிக் கூறுவர். அவர்தம் மொழியிற் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லும் நரகத்தைக் குறிக்கும் சொல்லும் ஓர் எழுத்தினாலேயே வேறுபடுகின்றன. அதனாலே அப்பழமொழிக்கு அவர்தம் செவியில் இன்னுமொரு நயம் உண்டு.

அந்நிலத்தில் மண் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. தகடு தகடாகப் பிளக்கும் சிஸ்ட் என்னும் பாறையே எங்கும் பரந்து கிடக்கின்றது. அப்பாறையைச் சம்மட்டியாலும் கடப்பாரையாலும் உடைத்துத் தூளாக்கி, அவ்வாறு கிடைத்த மண் மழையில் அடிபட்டுப் போகாதவாறு சுண்ணச்சாந்து இன்றியே கல்மேற் கல் அடுக்கிச் சுவரெழுப்பி, மலைச்சரிவுகளைப் படிப்படியான வயல்களாக்கினர். முந்திரிகைக் கொடியின் வேர் பாறையின் வெடிப்புகளூடே பல அடி ஆழம் சென்று நீரைத் தேடிக்கொள்ளும். பகலில் வெயிலை உள்வாங்கிய பாறை இரவிலே வெப்பத்தை மெல்ல வெளிவிட, கனி நன்கு முதிர்ந்து இனிப்பும் நிறமும் செறிந்ததாகும். இச்சுவர்களைக் கட்டியோருள் அண்டை மலைநாட்டு ஏழைகளும், வடக்கே ஸ்பானியாவுக்குரிய கலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலியாளரும் இருந்தனர். அவர்களுள் மிகப் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உரோமர் காலத்திலேயே இப்பள்ளத்தாக்கில் முந்திரிகை பயிரிடப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கு வந்து மடங்களை அமைத்த சிஸ்தேர்சியத் துறவிகள் அப்பயிர்ச்செய்கையை மேலும் வளர்த்தனர். எனினும், அக்காலத்து மது இன்றைய போர்ட் மது அன்று. அது சாதாரணச் செம்மதுவே. ஆற்றின் வழியாக அது இறங்கிய துறைமுகத்தின் பெயர் போர்த்தோ. அச்சொல்லுக்குத் துறைமுகம் என்பதே பொருள். உரோமர் காலத்தில் அவ்விடத்திற்கு வழங்கிய 'போர்த்துஸ் காலே' என்னும் பெயரிலிருந்தே போர்த்துக்கல் என்னும் நாட்டின் பெயரும் பிறந்தது. மலைநாட்டில் விளைந்த மதுவுக்கு அதனை ஏற்றுமதி செய்த துறைமுகத்தின் பெயர் வாய்த்தமை கருதத்தக்கது. விளைவித்தவரின் ஊர் மறைந்தது. விற்றவரின் ஊர் நிலைத்தது.

இங்கிலாந்துக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1386ஆம் ஆண்டிலே வின்சரில் கையொப்பமிடப்பட்ட உடன்படிக்கை இரு நாடுகளையும் நட்பினாற் பிணைத்தது. ஆயினும் ஆங்கிலேயச் செல்வர் விரும்பிப் பருகியது பிரான்சிய நாட்டின் போர்தோப் பகுதிச் செம்மதுவையே. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை மூண்டபோது, இங்கிலாந்து அரசு பிரான்சிய மதுவைச் சில காலம் தடைசெய்தும், பின்னர் அதன்மேற் பெருந்தீர்வை விதித்தும் வந்தது. பிரான்சிய மது கிடைக்காதபோது ஆங்கிலேய வணிகர் வேறு மதுவை நாடினர். போர்த்தோ நகரிலே கம்பளித் துணியும் உப்பிட்டு உலர்த்திய கொட் மீனும் விற்றுவந்த வணிகர், தம் கப்பல்கள் திரும்பும்போது மதுவை ஏற்றிச் செல்லலாயினர். வார், டெய்லர் முதலிய ஆங்கிலேய வணிக நிலையங்கள் முறையே 1670, 1692ஆம் ஆண்டுகளிலிருந்து தம் தொடக்கத்தைக் கணக்கிடுகின்றன.

இவ்வணிகத்தை உறுதியாக்கியது 1703ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27ஆம் நாள் லிஸ்பனிலே நிறைவேறிய மெதுவன் உடன்படிக்கையாகும். யோன் மெதுவன் என்னும் ஆங்கிலத் தூதுவரின் பெயரால் வழங்கும் அவ்வுடன்படிக்கை மிகச் சுருக்கமானது. போர்த்துக்கல் ஆங்கிலக் கம்பளித் துணிகளைத் தடையின்றி ஏற்கவேண்டும். இங்கிலாந்து போர்த்துக்கேய மதுவுக்குப் பிரான்சிய மதுவின் தீர்வையினும் மூன்றிலொரு பங்கு குறைவாகவே தீர்வை விதிக்கவேண்டும். சில வரிகளே கொண்ட அவ்வேடு தூரோ மலைச்சரிவுகளின் தோற்றத்தையே மாற்றியது. முன்பு கம்பும் புல்லும் முளைத்த இடங்களிலும் முந்திரிகைத் தோட்டங்கள் எழுந்தன.

பொருளியல் நூல்களிலும் இவ்வணிகம் இடம்பெற்றது. 1817ஆம் ஆண்டிலே டேவிட் ரிக்கார்டோ தம் புகழ்பெற்ற நூலில், நாடுகள் தத்தமக்கு ஏற்ற பொருளைச் செய்து மாற்றிக்கொள்வதால் வரும் நன்மையை விளக்க இவ்விரு நாடுகளின் துணியையும் மதுவையுமே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவர் கற்பித்த கணக்கின்படி, ஓர் ஆண்டில் வேண்டிய துணியை நெய்ய இங்கிலாந்தில் 100 பேரும் போர்த்துக்கலில் 90 பேரும் வேண்டும். மதுவைச் செய்ய இங்கிலாந்தில் 120 பேரும் போர்த்துக்கலில் 80 பேரும் வேண்டும். போர்த்துக்கல் இரண்டையும் குறைந்த உழைப்பிலே செய்யக்கூடியதெனினும், மதுவில் முழு முயற்சியையும் செலுத்தித் துணியை வாங்குதலே அதற்கு இலாபம் என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் நெசவையும் ஆலைகளையும் வளர்த்த நாடு பின்னாளில் எத்தகைய ஆற்றல் பெற்றது, மதுவையே நம்பிய நாடு எந்நிலையை அடைந்தது என்பதை அக்கணக்குக் காட்டவில்லை. அம்மாற்று நியாயமானதுதானா என்னும் வினா வரலாற்றாசிரியரிடையே இன்றும் எழுப்பப்படுகின்றது.

இனி, இம்மது இன்றைய தன்மையைப் பெற்ற வகையை நோக்குதல் வேண்டும். கடற்பயணத்திலே மது கெடாதிருத்தற் பொருட்டு வணிகர் பீப்பாக்களிற் சிறிது திராட்சைச் சாராயத்தைக் கலந்து வந்தனர். நாளடைவிலே, சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே சாராயத்தைச் சேர்க்கும் முறை வழக்கிற்கு வந்தது. கனியிலுள்ள சர்க்கரையை நொதியம் உண்டு மதுசாரமாக மாற்றும். ஏறத்தாழப் பாதிச் சர்க்கரை மாறிய நிலையிலே வலிய சாராயத்தைச் சேர்த்தால் நொதியம் மடிந்துவிடும். எஞ்சிய சர்க்கரை அவ்வாறே நிற்கும். இவ்வாறு போர்ட் மது இனிப்பும் வலிமையும் ஒருங்கே பெறுகின்றது. 550 லீற்றர் கொண்ட ஒரு பீப்பாவில் ஏறத்தாழ 115 லீற்றர் சாராயமாகவும் எஞ்சியது முந்திரிகைச் சாறாகவும் இருப்பது மரபு. சாதாரணச் செம்மதுவில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதற் பதினான்கு பங்கு மதுசாரம் இருக்க, போர்ட் மதுவிலோ அது ஏறத்தாழ இருபது பங்காகும்.

இவ்விடத்திலே தமிழருக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. தூரோ மதுவை அளக்கும் பெருங்கலத்துக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயர் 'பிப்பா'. தமிழில் வழங்கும் 'பீப்பா' என்னும் சொல் அதிலிருந்தே வந்தது. மது வார்க்கும் 'கோப்பை'யும், அதனை வைக்கும் 'மேசை'யும், உணவு சமைக்கும் 'குசினி'யும், உடன் உண்ணும் 'பாணும்' அம்மொழியின் வழிவந்தனவே. 1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்து, 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடம் தம் கடைசிக் கோட்டையை இழந்த போர்த்துக்கேயர் இச்சொற்களை இங்கு விட்டுச் சென்றனர். ஆயினும் சாராயம் சேர்த்த போர்ட் மது பெருவணிகப் பொருளானது அவர்கள் இத்தீவை விட்டு நீங்கிய பின்னரேயாம். பீப்பா என்னும் சொல் இங்கு வந்தபோது, அப்பீப்பாவுக்குப் புகழ் தேடித்தந்த மது இன்னும் உருப்பெறவில்லை.

வணிகம் பெருகவே வஞ்சனையும் பெருகிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, நிறம் குறைந்த மதுவுக்கு எல்டர் என்னும் செடியின் கரிய கனிச்சாற்றையும், இனிப்புக் குறைந்ததற்குச் சர்க்கரையையும் சேர்ப்போர் தோன்றினர். வேற்று நாட்டு மதுவையும் கலந்தனர். மதுவின் நற்பெயர் கெட்டது, விலை வீழ்ந்தது. ஆங்கிலேய வணிகர் பயிரிடுவோரைக் குற்றஞ்சாட்டினர். கருமையும் இனிப்பும் காரமும் வேண்டுமென்று கேட்டவர் வணிகரே என்று பயிரிடுவோர் மறுமொழி கூறினர். எவர் கூற்று மெய்யாயினும், விலை வீழ்ச்சியாற் பசித்தது மலைநாட்டுக் குடும்பங்களே.

இந்நிலையிலே தலையிட்டவர், பின்னாளிற் பொம்பால் பிரபு என அழைக்கப்பட்ட அமைச்சர் செபஸ்தியாவோ யோசே தே கர்வாலியோ. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தால் அழிந்த லிஸ்பன் நகரை மீட்டெழுப்பியவரும் இவரே. இவர் 1756ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10ஆம் நாள் தூரோ மது வணிகத்தை ஆளும் கம்பனியொன்றை அரச ஆணையால் நிறுவினார். எப்பகுதியில் விளைந்த மது இங்கிலாந்துக்கு அனுப்பத்தக்கது என்பது வரையறுக்கப்பட்டது. அவ்வெல்லையைக் குறிக்க 335 கருங்கற்றூண்கள் நாட்டப்பட்டன. அவற்றுட் பல இன்றும் முந்திரிகைத் தோட்டங்களின் நடுவே நிற்கக் காணலாம். எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கிவிடுமாறும் ஆணை பிறந்தது. இத்தாலியின் கியாந்தியும் அங்கேரியின் தொக்காயும் இதற்கு முன்னரே எல்லை வகுக்கப்பட்ட மதுநாடுகளாயினும், விளைவு, தரம், விலை, வணிகம் ஆகிய அனைத்தையும் இத்துணை விரிவாக ஓர் அரசு கட்டுப்படுத்தியது தூரோவிலேதான் எனலாம்.

இச்சட்டத்தால் ஏற்றுமதி மதுவின் தரம் உயர்ந்தது. ஆனால் அதன் சுமை எளியோர் தோளில் விழுந்தது. போர்த்தோ நகரின் மதுக்கடைகளுக்கு மது வழங்கும் உரிமை கம்பனிக்கே உரியதாயிற்று, சிறு கடைக்காரர் பிழைப்பிழந்தனர், விலையும் ஏறிற்று. 1757ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், கிறித்தவர் தவக்காலம் தொடங்கும் சாம்பற் புதனன்று, நகர மக்கள் திரண்டு கம்பனி அதிகாரியின் மனையைத் தாக்கினர். அக்கலகத்தைக் 'குடியர் கலகம்' என்று இகழ்ச்சியாகப் பெயரிட்டு, அரசு கொடிய முறையில் அடக்கியது. பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் நாடுகடத்தப்பட்டனர், நகரத்தார் தம் வீடுகளிலே படைவீரரை வைத்துப் பேணவேண்டியவராயினர். இன்று தரத்தின் காவலெனப் போற்றப்படும் அவ்வெல்லைத் தூண்களுக்குப் பின்னே இவ்வுயிர்ப்பலியும் உண்டு.

மலையிலே செய்த மதுவைக் கடற்கரைக்குக் கொண்டுவருதலும் எளிதன்று. தட்டையான அடியும் சதுரப் பாயும் நீண்ட சுக்கானும் உடைய 'ரபெலோ' என்னும் படகிலே பீப்பாக்களை ஏற்றி, பாறையும் சுழியும் நிறைந்த ஆற்றிலே ஓடக்காரர் இறங்கினர். திரும்பும்போது காற்றில்லையாயின் கரையிலிருந்து எருதுகளைப் பூட்டிப் படகை இழுப்பர். ஆற்றிடையே வலெய்ரா என்னுமிடத்திலிருந்த பெரும்பாறைத் தடையை 1780ஆம் ஆண்டு முதல் 1792 வரை உழைத்து உடைத்தனர். ஆயினும் அவ்விடத்தின் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. தூரோ பள்ளத்தாக்கை முதன்முதலாக நுணுக்கமாக வரைந்து படமாக்கியவரும், மதுவிற் கலப்படம் செய்வதை எதிர்த்து 1844ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவருமான யோசப் யேம்சு பொரஸ்டர் என்னும் ஆங்கிலேயர், 1861ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் அவ்விடத்திலேயே படகு கவிழ்ந்து மாண்டார். அவருடல் கிடைக்கவில்லை. அப்படகில் உடன் சென்று உயிர்தப்பியவருள் ஒருவர், தூரோவின் பெருந்தோட்ட உரிமையாளராகிய அந்தோனியா பெரெய்ரா அம்மையார். அக்காலத்து மாதர் அணிந்த அகன்ற பாவாடையே அவரை நீரில் மிதக்கச் செய்தது என்று கதை கூறுவர். 1887ஆம் ஆண்டிலே இருப்புப்பாதை ஸ்பானிய எல்லைவரை சென்றபின் படகுகளின் தேவை படிப்படியாகக் குறைந்தது.

1860ஆம் ஆண்டுகளிலே வட அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பிலொக்சரா என்னும் சிறு பூச்சி ஐரோப்பாவை அடைந்தது. வேரிலே தங்கிச் சாற்றை உறிஞ்சும் அப்பூச்சி, தலைமுறைகள் பல வளர்த்த கொடிகளைச் சில ஆண்டுகளில் அழித்தது. தூரோவின் சரிவுகள் பட்டுப்போயின. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரிலே ஐரோப்பியக் கொடியை ஒட்டிவைத்தலே பின்னர்க் கண்ட பரிகாரம். அதற்குப் பொருளில்லாத சிறு குடியானவர் நிலத்தைக் கைவிட்டு வேற்றூர்களுக்கும் பிரேசிலுக்கும் குடிபெயர்ந்தனர். 1811ஆம் ஆண்டிற் பிறந்து 1896இல் மறைந்த அந்தோனியா அம்மையார் அந்நெருக்கடிக் காலத்தும் புதிய தோட்டங்களை அமைத்து வேலை கொடுத்தமையால், அம்மலைநாட்டார் அவரை இன்றும் அன்போடு நினைவுகூர்கின்றனர். கைவிடப்பட்ட படிவயல்கள் புதர் மண்டியும் ஒலிவ மரங்கள் நடப்பட்டும் இன்றும் ஆங்காங்கே கிடக்கின்றன. அவற்றை 'மோர்த்தோரியோ' என்பர். மரணத்தைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது.

இம்மதுவோடு சேரும் உணவின் வரலாறு இங்கே தொடங்குகின்றது. போர்ட் மது முதன்மையாக ஆங்கிலேயருக்காக வளர்ந்தது. ஆதலால் அதன் புகழ்பெற்ற துணையும் ஆங்கில நாட்டு உணவே. ஸ்டில்டன் என்பது நீல நரம்போடிய, உப்புச் செறிந்த பாற்கட்டி. இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியிலுள்ள ஸ்டில்டன் என்னும் ஊரிலே பதினெட்டாம் நூற்றாண்டில் விற்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. விருந்து முடிந்தபின் அப்பாற்கட்டியையும் அக்ரூட் பருப்பையும் போர்ட் மதுவோடு உண்ணுதல், சிறப்பாக நத்தார் காலத்திலே, ஆங்கிலச் செல்வர் இல்லங்களின் வழக்கமாயிற்று. மதுக்குடுவையை இடப்பக்கமாகவே அடுத்தவருக்கு நகர்த்தவேண்டும் என்னும் விதியும் அவ்வழக்கோடு வளர்ந்தது.

இச்சேர்க்கைக்குத் தக்க காரணமுண்டு. உப்பு, இனிப்பை எடுத்துக் காட்டும். இனிப்பு, உப்பின் கடுமையைத் தணிக்கும். பாற்கட்டியின் கொழுப்பு நாவிலே படிய, செம்மதுவின் துவர்ப்பு அதனைத் துடைக்கும். அத்துவர்ப்போ பாற்கட்டியின் புரதத்தோடு கூடி மென்மையடையும். பருப்பின் இலேசான கசப்பு இவையனைத்தையும் சமன்செய்யும். புளியும் வெல்லமும் ஒன்றையொன்று தாங்குவதை அறிந்த நாவுக்கு இது புதுமையன்று.

போர்த்தோ நகரிலே ஆங்கிலேய வணிகர் 1785ஆம் ஆண்டு முதல் 1790 வரை கட்டிய வணிக மாளிகை இன்றும் உள்ளது. அங்கே ஒன்றையொன்று ஒத்த இரண்டு விருந்து மண்டபங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதல் மண்டபத்திலே உணவை முடித்தபின், விருந்தினர் எழுந்து இரண்டாம் மண்டபத்திற்குச் சென்று அதே வரிசையில் அமர்ந்து போர்ட் மதுவைப் பருகுவர். உணவின் மணம் மதுவின் மணத்தோடு கலவாதிருத்தற்கே இவ்வேற்பாடு. ஒரு மதுவின் மணத்துக்காகத் தனி மண்டபம் அமைத்த செல்வம், அம்மாளிகையிலிருந்து ஆற்றின் மேல்நோக்கி இரண்டொரு நாட் பயணத் தொலைவிலிருந்த பாறைச் சரிவுகளிலிருந்தே வந்தது.

அச்சரிவுகளில் உழைத்தவர் உண்டது வேறு. கம்பு அல்லது சோளமாவாற் செய்த கனத்த பாண், கீரையும் உருளைக்கிழங்கும் இட்ட கஞ்சி போன்ற சூப்பு, ஒலிவக் காய், உப்பிட்ட சாளை மீன் ஆகியவையே அவர்தம் உணவு. 'மூவர்க்கு ஒரு சாளை' என்று போர்த்துக்கேய நாட்டுப்புறத்தார் தம் பழைய வறுமையை நினைவுகூர்வர். அவர்களுக்குக் கிடைத்த பானமும் போர்ட் மது அன்று. சாறு பிழிந்த சக்கையிலே நீர் வார்த்துப் பெறும் மெல்லிய மதுவே பல இடங்களில் அவர்தம் பங்கு. கனி பறிக்கும் காலத்திலே பகல் முழுதும் கூடை சுமந்தபின், இரவிலே கருங்கற்றொட்டிகளில் இறங்கித் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைத்துப் பல மணி நேரம் கனியை மிதிப்பர். மனிதக் காலடி சதையை நசுக்கும். கசப்பு நிறைந்த விதையை உடைக்காது. இக்காரணத்தால், பொறிகள் வந்தபின்னும் சில தோட்டங்களிலே சிறந்த மதுவுக்கு அம்முறை இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது.

போர்த்துக்கேயர் தாமே வகுத்துக்கொண்ட சேர்க்கைகளும் உண்டு. மரப்பீப்பாவிலே பல்லாண்டு கிடந்து செந்நிறம் மங்கிப் பழுப்பேறிய போர்ட் மதுவுக்கு 'டோனி' என்பது ஆங்கிலப் பெயர். உலர்ந்த பழமும் பருப்பும் போன்ற மணம் அதற்குண்டு. அதனோடு வறுத்த வாதுமைப் பருப்பை உண்பர். வாதுமை மரங்கள் தூரோவின் மேற்பகுதியிலேயே வளர்ந்து, மாரியின் முடிவிலே சரிவுகளை வெண்பூக்களால் நிறைப்பன. கன்னியர் மடங்களிலே தோன்றிய முட்டைக் கருவும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புப் பண்டங்களும் அதற்குத் துணையாவன. மடத்தார் தம் உடைக்குக் கஞ்சியிடவும், மதுவைத் தெளிவிக்கவும் முட்டையின் வெண்கருவைப் பயன்படுத்தினர். எஞ்சிய மஞ்சட்கருவே இவ்வினிப்புகளாயிற்று என்பர். இளமை மாறாத 'ரூபி' வகையும், தேர்ந்த ஆண்டுகளில் மட்டும் செய்து போத்தலில் அடைத்து முதிரவைக்கும் 'வின்டேஜ்' வகையும் கரிய சொக்கலேற்றோடும் வலிய பாற்கட்டியோடும் பொருந்துவன. எஸ்திரேலா மலையிலே செம்மறியாட்டுப் பாலைக் காட்டுமுட்செடியொன்றின் பூவிழைகளால் உறையச் செய்து ஆக்கும் மென்மையான பாற்கட்டி, போர்த்துக்கேயர் பெரிதும் போற்றும் துணையாகும்.

சாராயம் சேராத தூரோச் செம்மதுவுக்கு உரிய உணவு இன்னும் வேறு. போர்த்தோ நகரத்தாரை 'திரிப்பெய்ரோ', அஃதாவது குடல் உண்போர் என்று அழைப்பர். 1415ஆம் ஆண்டிலே வட ஆபிரிக்காவின் சேயுத்தா நகரைக் கைப்பற்றச் சென்ற கடற்படைக்கு நல்ல இறைச்சி முழுவதையும் கொடுத்துவிட்டு, நகரத்தார் தமக்கெனக் குடலையும் இரைப்பையையும் மட்டும் வைத்துக்கொண்டனர் என்பது வழிவழி வந்த கதை. இன்றும் வெள்ளை அவரை விதையோடு சேர்த்துச் சமைத்த அக்கறியை அவர்கள் பெருமையோடு உண்பர். கொழுப்பு மிக்க அதற்கும், தீயில் வாட்டிய ஆட்டுக்குட்டி இறைச்சிக்கும் துவர்ப்பு மிக்க தூரோச் செம்மது ஏற்றது. மீனுக்கு வெண்மதுவே தகும் என்னும் பொதுவிதியையும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஒலிவ எண்ணெயில் வெந்த உப்பிட்ட கொட் மீனோடு செம்மதுவைப் பருகுவர். அம்மீன் உப்பும் நாரும் மிக்கதாய் இறைச்சியை ஒத்திருத்தலின் இது பொருந்துகின்றது.

ஆயினும் நெடுங்காலம் தூரோவின் சாதாரணச் செம்மதுவை உலகம் மதிக்கவில்லை. சிறந்த கனியெல்லாம் போர்ட் மதுவுக்கே சென்றது. 1952ஆம் ஆண்டிலே, பெரெய்ரா நிலையத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ நிக்கொலாவ் தெ அல்மெய்தா, தூரோவின் மேற்பகுதிக் கனியிலிருந்து 'பார்க்கா வேலியா' என்னும் செம்மதுவை ஆக்கினார். நொதிக்கும் சாற்றின் வெப்பத்தைத் தணிக்க, மின்வசதியில்லாத அவ்விடத்திற்குக் கடற்கரையிலிருந்து பனிக்கட்டியை வண்டிகளில் வருவித்தார். சாராயம் சேராமலே தூரோ மண் உயர்ந்த மதுவைத் தரவல்லது என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

வணிகச் சட்டமும் பின்னர் மாறிற்று. 1926ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, போர்த்தோவுக்கு எதிர்க்கரையிலுள்ள கையா நகரின் கிடங்குகளிலிருந்தே போர்ட் மதுவை ஏற்றுமதி செய்யலாம் என்றிருந்தது. கடற்காற்றின் குளிர்ச்சியும் ஈரமும் மது முதிர்வதற்கு அங்கே ஏற்றனவெனினும், தோட்டமுடையோர் தம் மதுவைத் தாமே வேற்று நாட்டிற்கு விற்கும் வாய்ப்பை அச்சட்டம் அடைத்தது. 1986ஆம் ஆண்டிலேதான் அத்தடை நீங்கியது. அதன்பின் மலைநாட்டுத் தோட்டங்கள் பல தத்தம் பெயரையே போத்தல்களிற் பொறித்து அனுப்பலாயின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கட்டப்பட்ட அணைகளால் தூரோவின் சுழிகள் அடங்கின. பொரஸ்டரை விழுங்கிய வலெய்ராவிலும் இப்பொழுது நீர் ஏரிபோல் நிற்கின்றது. ரபெலோப் படகுகள் கையா நகரின் துறையிலே காட்சிப் பொருளாகக் கட்டப்பட்டுள்ளன. யோவான் திருநாளாகிய யூன் 24ஆம் நாளில் மட்டும் பாய்விரித்துப் போட்டியில் ஓடுகின்றன. 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் தூரோ மேற்பகுதியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அங்ஙனம் ஏற்கப்பட்ட நிலப்பரப்பு ஏறத்தாழ 24,600 எக்ரேயர். அந்நிறுவனம் போற்றியது ஒரு மாளிகையையோ கோவிலையோ அன்று. மனிதர் கையால் மலையைச் செதுக்கி உண்டாக்கிய படிவயல்களையே போற்றியது. போத்தலின் மேல் ஆங்கில வணிகரின் பெயரும், மதுவின்மேல் துறைமுகத்தின் பெயரும், எல்லைத் தூண்களின்மேல் அமைச்சரின் பெயரும் நிலைத்தன. பெயரில்லாத கூலியாளர் சாந்தின்றி அடுக்கிய கற்களோ இன்றும் சரியாமல் நின்று கொடிகளைத் தாங்குகின்றன.